மூண்டில ஒண்டு

அன்றைக்குக் கடற்கரை வாடிக் கொட்டிலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

நான். என்னுடைய மனிசி. எங்கள் மூத்தவள், பதினாறு வயது, பள்ளிக்கூடச் சட்டையோடு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் படிப்பிக்கிற சேர், ஹெல்மெற்றைக் கழற்றாமல். பாதர், அவரை யாரும் கூப்பிடவில்லை, சூடை மீன் வாங்க வந்தவர். சம்மாட்டியம்மா, நீலப் பிளாஸ்டிக் கதிரையில். கதிரைக்குக் கீழே ஒரு நாய்.

அன்றைக்குத்தான் சம்மாட்டியம்மா எங்கள் மூத்தவளின் ஓட்டத்தில் பங்கு போட்டா.

அவாவின் பெயரை நான் எழுதவில்லை. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் பக்கத்தில் யாரும் அவாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரைவலையின் சொந்தக்காரர் சம்மாட்டி. அவா பொம்பிளை. அதனால் சம்மாட்டியம்மா.

கரைவலைக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையது. இழுக்கிற கை எங்களுடையது. மீன் வந்தால் செலவு கழித்துப் பங்கு பிரிப்போம். மாரி காலத்தில் வலை இறங்காது. அப்போது சம்மாட்டியிடம் முற்காசு வாங்கிச் சாப்பிடுவோம். முற்காசு வாங்கினவன் அந்த வலையில்தான் இழுக்க வேண்டும். கை முறிந்தாலும் காய்ச்சலில் கிடந்தாலும் முற்காசு முற்காசுதான். திருப்பி வைக்காமல் தீராது.

சம்மாட்டியம்மா காசைக் கையில் தரமாட்டா. குவித்துக் கிடக்கிற வலைக்கு மேலே வைப்பா. நாங்கள் குனிந்து எடுக்க வேண்டும். அவாவுக்குக் கொடுக்கிறதையும் வலையில்தான் வைக்க வேண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டவனுக்கு அவா சொன்ன பதில்:

"என்னட்டை வாங்கினது எண்டு நாளைக்குச் சொல்லுவாய். வலையிட்டை வாங்கினனீ."

மூத்தவளின் ஓட்டத்தை அவா கண்டுபிடித்தது என்னுடைய சோற்றால். வீட்டில் இருந்து வாடிக்கு ஒன்றரைக் கட்டை, ஒன்றரை மைல். பாதிக்கு மேல் மணல். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மூத்தவள்தான் எனக்குச் சோறு கொண்டுவருவாள்.

"எடேய், எல்லாற்ற சோறும் ஆறிக் கிடக்கு. உன்ர மட்டும் ஏன் ஆவி பறக்குது?" என்று ஒருநாள் கேட்டா.

"மூத்தவள் கொண்டுவாறவள்."

"எதில?"

"ஓடி."

அடுத்த சனிக்கிழமை கதிரையைப் பாதைப் பக்கம் திருப்பிப் போட்டு இருந்தா. மூத்தவள் வந்தாள். அவா சோற்றுச் சட்டியைத் தொட்டுப் பார்த்தா. பிள்ளையைப் பார்க்கவில்லை. பிறகு விளையாட்டு சேருக்கு ஆள் அனுப்பினா.

அன்றைக்கு வாடியில் நடந்த கதை இது.

"பெட்டைக்கு என்ன வேணும்?" என்று சேரைக் கேட்டா.

"ஓடுற சப்பாத்து ஒரு சோடி, அம்மா. பிறகு சாப்பாடு. முட்டை, பால். மாசத்தில ரெண்டு தரம் வவுனியாவுக்குப் பயிற்சிக்குப் போகோணும். பஸ் காசு."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அதை எப்பிடி அம்மா சொல்லுறது."

"சரி, நான் போடுறன். ஓட்டத்தால என்ன வந்தாலும் வலைக்கு ஒண்டு, ஓடுற ஆளுக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு. ஓடுறவரைக்கும்."

பாதர் சூடைப் பையோடு நின்றவர் கேட்டார், "வலை எண்டால் ஆர்?"

"நான்தான்."

மூத்தவள் வாய் திறந்தாள். "வீட்டுக்கு ஏன் ஒண்டு?"

"உனக்குச் சோறு ஆர் போட்டது?"

"அம்மா."

"அப்ப என்ன கேள்வி?"

பாதருக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு பிள்ளையை விலைக்கு வாங்கிற மாதிரி எல்லோ இருக்கு," என்றார்.

"பிள்ளை உங்கட கோயில்ல ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை, பாதர். அதை நான் கேக்கேல்லை. ஓட்டத்தைத்தான் கேட்டனான்."

"நாளைக்கு அவள் ஓடாமல் விட்டால்?"

"விட்டால் எனக்கும் இல்லை. இது முற்காசில்லை, பாதர். பங்கு."

அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பாதர் போய்விட்டார். அவருக்கு சூடை விலை குறைக்கப்படவில்லை. சம்மாட்டியம்மா சப்பாத்துக் காசை வலையில் வைத்தா. மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். அவள் குனிந்து எடுத்தாள்.

சம்மாட்டியம்மாவுக்கு உலகத்தில் எல்லாம் பங்குதான். பணிஸ் வாங்கினால் நிற்கிற ஆட்களை எண்ணித்தான் பிய்ப்பா. என்ன கதை காதில் விழுந்தாலும் ஒரு கேள்வி கேட்பா.

"அதில என்ர எவ்வளவு?"

வரிசையில் நிற்கும்போதும் கேட்பா. பாதர் பிரசங்கத்தில் ஊரின் பாவங்களைச் சொன்னபோது முன் வாங்கில் இருந்து கேட்டா. பாதர் கேட்காதமாதிரி அடுத்த வசனத்துக்குப் போனார்.

ஒருமுறை டெங்கு நுளம்பு பார்க்கிறவர்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். என்னுடைய வளவில் ஒரு சிரட்டையில் தண்ணீர் நின்றது. தண்டம் எழுதிவிட்டுப் போனார்கள். பின்னேரம் சம்மாட்டியம்மா வந்தா. சிரட்டை கிடந்த இடத்தைப் பார்த்தா. பிறகு அண்ணாந்து, பக்கத்து வளவில் மழைத்தண்ணீர் வடிகிற தன்னுடைய கூரைப் பீலியைப் பார்த்தா. பீலி எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

"சிரட்டை உன்ர. தண்ணி என்ர," என்றா.

தண்டத்தில் பாதியை வேலியில் சொருகிவிட்டுப் போனா. வலை அங்கே இல்லாதபடியால் வேலி.

சுனாமியில் எங்கள் கரையில் போன ஆட்களின் பெயரைக் கோயிலில் வாசித்தார்கள். வாசித்து முடிய அவா சொன்னது எனக்குக் கேட்டது.

"அதில என்ர ஒண்டு."

அது அவாவின் புருசன். அதற்குமேல் அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு மகன் இருந்தான். கனடாவில்.

பங்கு போட்டதில் எங்கள் மூத்தவள் முதல் ஆள் இல்லை. அவளுக்கு முன்னால் நெடுங்கேணிப் பெடியன் ஒருவன் இருந்தான். பாரம் தூக்குகிறவன். நாளைக்குப் பத்து முட்டை தின்பான். மாகாணத்தில் முதலாவதாக வந்தான். பிறகு ஒருநாள் தனக்கு தேவ அழைத்தல் வந்துவிட்டது என்று குருமடத்துக்குப் போய்விட்டான்.

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். "சம்மாட்டியம்மா, உங்கட முட்டையெல்லாம் மோட்சத்துக்குப் போட்டுது."

அவா யாழ்ப்பாண பஸ் ஏறினா. குருமடத்து வாசலில் நின்று அவனைக் கூப்பிட்டா. போய் வந்து எங்களுக்குச் சொன்னா. அவன் பயந்து போய், "காசு இல்லையே அம்மா," என்றானாம்.

"ஆரடா காசு கேட்டது? என்ர முட்டையில வளந்த உடம்புதானே முழங்கால்ல நிக்குது. செபத்தில மூண்டில ஒண்டு."

அவன் ஒத்துக்கொண்டான். மூன்று நாளுக்கு ஒருக்கால் செபமாலை அவாவுக்கு. அவா ரெலிபோன் எடுத்துப் பார்ப்பா. "இண்டைக்கு என்ர நாள். சொல்லியாச்சோ? அவசரப்பட்டுச் சொல்லாதை."

இன்னொருவன் கோல் காப்பாளன். நல்ல பிடி. ஏஜென்சிக்காரனைப் பிடித்துப் பிரான்சுக்குப் போய்விட்டான். ஒரு சதம் வரவில்லை. ஏமாற்றிப்போட்டான் என்று நாங்கள் சொன்னோம்.

"அவன் அங்க பந்து பிடிக்கேல்லை. கோப்பை கழுவுறான். கோப்பையில எனக்குப் பங்கில்லை," என்றா.

எங்கள் மூத்தவளின் முதல் வருமானம் ஒரு மெடல். மாவட்டத்தில் மூவாயிரம் மீற்றர். காசு இல்லை, மெடல் மட்டும். பிரிக்க முடியாது என்று நாங்கள் நினைத்தோம். வருசத்தில் நான்கு மாதம் அவா வீட்டில் தொங்கியது. நான்கு மாதம் எங்கள் வீட்டில். நான்கு மாதம் மூத்தவளின் தலையணைக்குக் கீழே. தன்னுடைய நான்கு மாதம் முடிய அவாவே கொண்டுவந்து தருவா. துடைத்துத் தருவா.

திருநாள் ஓட்டத்தில் ஒரு சேவல் கிடைத்தது. மீன் தராசில் நிறுத்தா. இறகையும் நிறுத்தா.

ஒருமுறை மூத்தவளின் படம் பேப்பரில் வந்தது. மாகாணத்தில் முதலாவதாக ஓடி வருகிற படம். பேப்பரை மடித்து மூன்றாக வெட்டினா. குறுக்காக வெட்டினா. முகம் வீட்டுக்கு. நெஞ்சு நம்பரோடு மூத்தவளுக்கு. இரண்டு காலும் சப்பாத்தும் அவாவுக்கு.

மனிசி சொன்னாள், "பைத்தியமோ இந்த மனிசிக்கு."

"அவா தன்ர பங்கைத்தானே எடுத்தவா," என்றாள் மூத்தவள்.

அவளுக்கும் அது தொற்றிவிட்டது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இருபது வயதில் மூத்தவளைக் கொழும்பில் ஒரு கொம்பனி எடுத்தது. அவர்களுடைய பெயரைச் சட்டையில் போட்டு ஓட வேண்டும். மாதம் நாற்பத்தையாயிரம் சம்பளம், தங்க இடம், ஓடி வென்றால் மேலதிகமாகக் காசு. கையெழுத்து வாங்க ஒரு தம்பி வந்தார், வவுனியாப் பக்கத்து ஆள், கழுத்தில் கொம்பனி அட்டைப் பட்டி. பங்குக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அம்மா, இதுக்கு எழுத்தில ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப சட்டப்படி ஒண்டும் இல்லை. இவ்வளவு நாளும் செலவழிச்சதைச் சொல்லுங்கோ. கொம்பனியால ஒரேயடியாத் தந்து முடிச்சு விடுறம்."

"செலவழிச்சது முட்டை. தருவியளோ?"

"முட்டைக்குக் காசு தருவம்."

"காசு கேக்கேல்லை, தம்பி. அவள் திண்ட முட்டை."

தம்பி மூத்தவளைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி. நீங்கள் விரும்பினால் ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை."

"மூண்டில ஒண்டு அவான்ர," என்றாள் மூத்தவள். வாடியில் காற்று அடித்தது. தம்பியின் கடதாசி பறந்தது. நாய் பிடித்தது.

பிறகு இரண்டு வருசம் நல்லாகப் போனது. மாதம் பிறந்து ஐந்தாம் திகதி மனிசி வாடிக்குப் போய் வலையில் காசு வைப்பாள். பதினையாயிரம். ஓடி வென்ற மாதம் கூட. காய்ச்சலில் பயிற்சிக்குப் போகாத மாதம் குறைய. சம்மாட்டியம்மா எண்ணி மடியில் கட்டுவா. அதில் அடுத்த இரண்டு பெடியளுக்கு முட்டை.

அதற்குப் பிறகு மூத்தவளின் முழங்கால் போனது. பயிற்சியில் வளைவில் திரும்பும்போது கால் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. உள்ளே ஒரு நார் அறுந்தது என்றார்கள். ஒப்பரேசன் செய்தால் நடக்கலாம், ஓடுவது பிறகு பார்க்கலாம் என்றார்கள். செய்யாவிட்டால் படியில் ஏறும்போதும் கால் விட்டுவிடும். கொம்பனி இரண்டு மாதம் சம்பளம் போட்டது. பிறகு ஒரு கடிதம் போட்டது.

வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்து கதைத்தோம். கதைத்தது மனிசிதான்.

"சப்பாத்து, முட்டை, பஸ். ஆறு வரியம். கூட்டிப் பாத்தால் ஒரு வள்ளக் காசு வரும். அவா விடுவாவோ? இறகையும் நிறுத்த மனிசி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. முற்காசு வாங்கினவனுக்குக் கை முறிந்தாலும் முற்காசு தீராது. முப்பது வருசம் அதைத்தான் நான் கண்டேன். வலையில் இருந்து என்னை நிறுத்தினால் எங்களுக்கு வேறு தொழில் இல்லை.

மூத்தவள் மட்டும் சொன்னாள், "அவாட்டைச் சொல்லுவம்."

"நீ வாயை மூடு," என்றாள் மனிசி.

மூத்தவளை நெடுங்கேணியில் மனிசியின் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கரையில் கேட்டவர்களுக்குக் கொழும்பில் நிற்கிறாள் என்றோம். மனிசி சங்கிலியை அடைவு வைத்தாள். ஐந்தாம் திகதி வலையில் பதினையாயிரம் வைத்தாள். அடுத்த ஐந்தாம் திகதியும். வராத சம்பளத்துக்கு நாங்கள் பங்கு கொடுத்தோம். ஒப்பரேசனுக்குச் சேர்க்கவேண்டிய காசு வலைக்குப் போனது. மூத்தவள் நெடுங்கேணியில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

ஐந்தாவது மாதம் நானும் கூடப் போனேன். மனிசி காசை வைத்தாள். சம்மாட்டியம்மா எடுக்கவில்லை.

"பதினைஞ்சோ?"

"ஓம், அம்மா."

"போன மாசமும் பதினைஞ்சு. அதுக்கு முதல் மாசமும் பதினைஞ்சு. அஞ்சு மாசமும் ஒரு ரூவா கூடேல்லை, குறையேல்லை."

"சம்பளம்தானே அம்மா."

"முந்தியும் சம்பளம்தான். கூடும், குறையும். மீன் ஒருநாளும் இப்பிடி அளந்து வராது. பெட்டை எங்க?"

"கொழும்பில."

"கொழும்பில எங்க?"

மனிசிக்குக் கொழும்பில் ஒரு இடத்தின் பெயரும் வரவில்லை. அழத் தொடங்கினாள்.

"நெடுங்கேணியில," என்றேன் நான்.

சம்மாட்டியம்மா எழும்பினா. வலையில் கிடந்த காசை அப்படியே விட்டா. ஓட்டோவைக் கூப்பிட்டா. "ஓட்டோக் காசு நாலாப் பிரிக்கிறது. நான், நீ, இவன், பெட்டை," என்றா. மனிசி செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள்.

மூத்தவள் மாமரத்துக்குக் கீழே பாயில் இருந்தாள். எங்களைக் கண்டு எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. சம்மாட்டியம்மா பக்கத்தில் நிலத்தில் இருந்தா. முழங்காலைக் கையால் பிடித்துப் பார்த்தா. மீனின் வயிற்றை அமத்திப் பார்க்கிறமாதிரி.

"நோகுதோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

மூத்தவள் யோசித்தாள். "நல்லா."

"அதில மூண்டில ஒண்டு என்ர. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

மூத்தவள் தாயைப் பார்த்தாள். தாய் என்னைப் பார்த்தாள். மாமரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, நான் அதைப் பார்த்தேன்.

"முற்காசு வேற, பங்கு வேற எண்டு பாதருக்கு முன்னால சொன்னனான்," என்றா சம்மாட்டியம்மா. குரல் கூடவில்லை. "முற்காசு எண்டால் நீ தரோணும். பங்கு எண்டால் வந்ததும் பங்கு, உடைஞ்சதும் பங்கு. முப்பது வரியம் என்ர வலையில இழுக்கிறாய், இது தெரியேல்லையோ உனக்கு?"

"இல்லை," என்றேன்.

"எனக்கு இல்லாத மீனில பங்கு தந்திருக்கிறியள். நானும் திண்டிருக்கிறன். ரெண்டு பெடியளுக்கு முட்டையும் குடுத்திருக்கிறன்." பிறகு மனிசியைப் பார்த்து, "என்ர முழங்காலை அஞ்சு மாசம் ஒளிச்சு வச்சிருக்கிறாய், பிள்ளை," என்றா.

மனிசி அவாவின் காலில் விழப் போனாள். "அதை விடு. ஒப்பரேசன் எவ்வளவு?" என்றா.

யாழ்ப்பாணத்தில் தனியாரில் நாலு லட்சத்து எண்பதாயிரம் என்று கேட்டு வைத்திருந்தோம். சம்மாட்டியம்மா விரலில் பிரித்தா. தன்னுடையது ஒரு லட்சத்து அறுபது. மூத்தவளுடையது ஒரு லட்சத்து அறுபது. அது அவளுடைய வங்கியில் இருந்தது. வீட்டுடையது ஒரு லட்சத்து அறுபது. பொய்ப் பங்கு எழுபத்தையாயிரத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னா. அதைக் கழித்தாலும் எங்களுக்கு எண்பத்தையாயிரம் குறைந்தது.

மனிசி கெஞ்சினாள். "அம்மா, நீங்களே முழுக்கப் போடுங்கோ. இவர் இழுத்துத் தீர்ப்பார்."

"மிச்சம் என்ர இல்லைப் பிள்ளை."

"ஒரு குமர்ப்பிள்ளையின்ர கால், அம்மா."

"ஓம். மூண்டில ஒண்டு."

மனிசி அன்றைக்கு அவாவைப் பேசியது கொஞ்சம் இல்லை. கிணற்றடியில் போய் நின்று பேசினாள். சம்மாட்டியம்மாவுக்குக் கேட்டது. அவா தேத்தண்ணியைக் குடித்து முடித்தா.

அடுத்த நாள் வாடியில் வலைக்கு மேலே எண்பத்தையாயிரம் வைத்தா. என்னைப் பார்த்தா.

"இது முற்காசு. பங்கில்லை. இப்ப விளங்குதோ?"

"விளங்குது."

நான் எடுத்தேன். அதை இழுத்துத் தீர்க்க இரண்டு வருசம் போனது. ஒரு ரூபாயும் விடவில்லை அவா.

தன்னுடைய பங்குக்கு வள்ளத்து மெசினை விற்றா. அந்த வருசம் வலை வளைக்க எங்கள் ஆட்கள் துடுப்புத் தண்டு வலித்தார்கள். கை கொப்பளித்தது.

"பெட்டையின்ர முழங்காலுக்கு எங்கட முதுகு முறியுது, சம்மாட்டியம்மா!" என்று ஒருவன் வள்ளத்தில் இருந்து கத்தினான்.

"எண்ணெய்ச் செலவு கழிக்கிறேல்லை, உனக்குப் பங்கு கூட வருதெல்லோ. வலி!" என்று கரையில் இருந்து கத்தினா.

அது உண்மை. கூட வந்தது.

ஒப்பரேசன் முடிந்து மூத்தவள் பத்து நாள் ஆசுபத்திரியில் இருந்தாள். ஒருநாள் மனிசி நிற்பாள். ஒருநாள் நான். மூன்றாம் நாள் சம்மாட்டியம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்குவா. தோடம்பழம் ஒன்று கொண்டுவருவா. மூன்றாகப் பிரித்து, ஒன்றைத் தான் தின்று, ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்து, ஒன்றைக் கடதாசியில் சுற்றி எங்களுக்கு வைப்பா. எங்களுடையது அடுத்த நாள் வாடிப்போய் இருக்கும். தின்போம்.

நேர்ஸ் ஒருத்தி கேட்டாளாம், "அம்மா, நீங்கள் பேசன்ருக்கு என்ன முறை?"

"மூண்டில ஒண்டு."

நேர்ஸ் பெரியம்மா என்று எழுதிக்கொண்டு போனாள். மூத்தவள் சிரித்து, தையல் நொந்து, நொந்ததில் மூன்றில் ஒன்றை அவாவிடம் சொன்னாளாம்.

கால் சரி வந்தது. நடந்தாள். மெதுவாக ஓடினாள். பழைய ஓட்டம் வரவில்லை. அடுத்த வருசத் திருநாள் ஓட்டத்தில் பிடிவாதமாக இறங்கினாள். சம்மாட்டியம்மா கதிரையைக் கோயில் வாசலுக்குத் தூக்குவித்தா. மூத்தவள் பதினோராவதாக வந்தாள். ஓடி முடித்த எல்லோருக்கும் ஒரு சவுக்காரக் கட்டி கொடுத்தார்கள். சம்மாட்டியம்மா மடியில் இருந்து மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தா. சவுக்காரத்தை மூன்றாக வெட்டினா. சனம் பார்த்துக்கொண்டு நின்றது. பாதரும் பார்த்தார்.

"இனி ஓடமாட்டன், சம்மாட்டியம்மா," என்றாள் மூத்தவள்.

"சரி." தன்னுடைய துண்டை மணந்து பார்த்தா. "நல்ல சவுக்காரம்."

இப்போது மூத்தவள் புதுக்குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறாள். முதல் சம்பளத்தில் மூன்றில் ஒன்றைக் கொண்டுபோய் வலையில் வைத்தாள். சம்மாட்டியம்மா காலால் தள்ளிவிட்டா.

"இது வாயால உழைச்சது. ஓட்டமில்லை. எடுத்துக்கொண்டு போ."

"உங்கட முட்டையால வந்த வாய்தானே."

"அந்தக் கதை குருமடத்தோட முடிஞ்சுது. போடி."

சம்மாட்டியம்மா செத்தது வாடியில். காலமை. கதிரையில் இருந்தபடி. வலை பாதி வந்திருந்தது. நாய் குரைத்தது, திரும்பிப் பார்த்தோம், தெரிந்தது. ஒருவன் கயிற்றை விடப் போனான். விடாதே என்றேன். இழுத்து முடித்தோம். நெத்தலி, கொஞ்சம்தான். பங்கு பிரித்தோம். வலைப் பங்கைக் கதிரைக்கு முன்னால் கொட்டினோம். பிறகு அவாவைத் தூக்கினோம்.

மகன் கனடாவில் இருந்து வந்தார். அதுவரைக்கும் ஐந்து நாள் வைத்திருந்தோம். குருமடத்துக்குப் போன அந்தப் பாரம் தூக்குகிற பெடியனும் பூசைக்கு வந்தான், இப்போது வெள்ளை அங்கியோடு. அன்றைக்குச் செபமாலையில் அவாவின் பங்கு நாள்தான் என்று என்னிடம் சொன்னான். அவசரப்படாமல் சொன்னான்.

அடக்கம் முடிந்து வந்து மகன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் கண்ணாடி போட்டு ஒரு படம் இருந்தது. இரண்டு கால். சப்பாத்து. வேறு ஒன்றும் இல்லை.

"இது ஆற்ற கால்?" என்று கேட்டார்.

"என்ர," என்றாள் மூத்தவள்.

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். மூத்தவள் விடவில்லை.

"அண்ணா, செத்தவீட்டுச் செலவு எவ்வளவு?"

"ஏன் தங்கச்சி?"

"அதில மூண்டில ஒண்டு என்ர."

"சீச்சீ, காசு ஒண்டும் வேண்டாம். எல்லாம் நான் பாத்திட்டன்."

"காசு இல்லை, அண்ணா. பங்கு. வலைக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு, ஓடின ஆளுக்கு ஒண்டு. முழுக்க நீங்கள் எடுக்க ஏலாது. அது உங்கட இல்லை."

மகன் என்னைப் பார்த்தார். படித்த ஆள், பெரிய வேலை. கண் சிவந்து நின்றார்.

"சொல்லுங்கோ தம்பி. விடமாட்டாள்," என்றேன்.

பெட்டி, வாகனம், கொட்டில், சாப்பாடு எல்லாம் கூட்டிச் சொன்னார். இரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரம். கை நீட்டினார்.

மூத்தவள் கையில் கொடுக்கவில்லை. முற்றத்தில் வலை குவித்துக் கிடந்தது. அதற்கு மேலே வைத்தாள். மகன் குனிந்து எடுத்து எண்ணினார்.

எழுபத்தெட்டாயிரம்.